ஆட்டம் இல்லாத இரண்டு வாரம்

2025 வரை ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை எங்களுடைய சனிக்கிழமை மாலை ஒன்று காணாமல் போய்விடும். ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளைப் பின்தொடர்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கால்பந்தாட்டக்காரன் இரண்டு எசமானர்களுக்குக் கட்டுப்பட்டவன். சம்பளம் கொடுப்பது கிளப். பிறந்த மண்ணின் பெயரால் இன்னொரு சட்டையை மாட்டி விடுவது நாடு. பிஃபா வகுத்திருக்கும் நாட்காட்டியில் குறிக்கப்பட்ட நாட்களில் கிளப் தன் வீரனை அவனுடைய நாட்டுக்காக ஆட விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஆகஸ்டில் தொடங்கிச் சூடு பிடித்துவரும் லீக், அந்நாட்களில் கடையைச் சாத்திவிடும். லிவர்பூல் நகரில் ஒரே மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் கொலம்பியாவுக்கும், ஒருவன் உருகுவேக்கும், ஒருவன் எகிப்துக்கும், ஒருவன் ஜப்பானுக்கும் விமானம் ஏறுவான். ரசிகன் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பான்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது மூன்று பேரை. நடுவில் கொஞ்ச நேரம் அது இரண்டு பேராகக் குறையும். எங்கே குறைகிறது என்பது வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

மூவரும் நாகர்கோவிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வெவ்வேறு கல்லூரிகளில் வேலை பார்க்கிறோம். ஒருவர் இயற்பியல், ஒருவர் கணிதம், இதை எழுதுபவர் தமிழ். எங்களைச் சேர்த்துவைத்தது பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாம். 2014 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆன்ஃபீல்டில் செல்சீ அணியுடன் நடந்த ஆட்டத்தில் ஸ்டீவன் ஜெரார்டு கால் வழுக்கி விழுந்தார். டெம்பா பா பந்தைக் கொண்டுபோய் கோலாக்கினார். இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கைக்கு எட்டாதிருந்த லீக் பட்டம் இன்னொரு முறை நழுவியது. மறுநாள் காலை முகாமில், வெவ்வேறு மேசைகளில், மூன்று பேர் எழவு வீட்டிலிருந்து வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். தேநீர் நேரத்தில் கணிதக்காரர், முன்பின் தெரியாத எங்களிடம் வந்து, "நேத்து பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். எதை என்று நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவுதான் அறிமுகம். அன்று திருத்தப்பட்ட விடைத்தாள்களுக்கு உரிய மாணவர்கள் எங்களை மன்னிப்பார்களாக.

அன்று முதல் லிவர்பூல் ஆடும் நாட்களில் கணக்கு சாரின் வாடகை வீட்டில் கூடுவது வழக்கமாயிற்று. அவர் மணமாகாதவர்; வீட்டில் சத்தம் போட்டாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. அங்கே நாற்காலிகளுக்குக்கூட இட ஒதுக்கீடு உண்டு. ஜன்னல் பக்கம் இயற்பியல், கதவோரம் தமிழ், தரையில் பாயை விரித்துச் சுவரில் சாய்ந்து கணிதம். இடம் மாறி உட்கார்ந்தால் தோல்வி நிச்சயம் என்ற நம்பிக்கை, அறிவியல் படித்த இருவருக்குத்தான் அதிகம்.

பேச்செல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான். ஆண்ட்ரூ ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞன் பதினெட்டு வயதில், சம்பளம் கிடையாத குவீன்ஸ் பார்க் கிளப்பில் ஆடிக்கொண்டு, வேலை வேண்டும், காசில்லாத வாழ்க்கை மோசம் என்று 2012இல் ட்விட்டரில் புலம்பியது எங்களுக்கு மனப்பாடம். பிழைப்புக்காக அவன் ஹாம்ப்டன் மைதான அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துப் பேசும் வேலை பார்த்ததும் தெரியும். கணக்கு சாருக்கு எத்தனை உடன்பிறப்புகள் என்பது ஒன்பது வருடங்களாக எங்களுக்குத் தெரியாது. அவருடைய ஊர் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை என்று தெரியும். அந்தக் கரையில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தும் காலுமாகத்தான் பழகுவார்கள் என்பது குமரி மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல் கேட்கத் தோன்றியதில்லை.

ஆகவே லீக் நின்றுவிடும் அந்த இரண்டு வாரங்களில் நாங்கள் சந்திப்பதும் நின்றுவிடும். யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. சந்திக்கக் காரணம் இல்லை, சந்திக்கவில்லை. மூவருக்குமான வாட்ஸப் குழுவில் அடுத்த ஆட்டத்தின் தேதியை இயற்பியல் போடுவார். மற்ற இருவரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவோம். பிறகு அந்தத் தேதி வரும்வரை குழுவில் புல் முளைக்கும்.

இதில் தமிழ்க்காரரின் நிலைதான் மிகவும் வேடிக்கை. செப்டம்பர், அக்டோபர் இடைவேளைகள் கார்காலத்தில் விழுகின்றன. நவம்பர் இடைவேளை கூதிரில். முல்லைக்குக் கார் பெரும்பொழுது, மாலை சிறுபொழுது, இருத்தல் உரிப்பொருள் என்று ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துகிறவர் அவர். மழை தொடங்கியதும் வினை முடித்துத் தேரேறி வீடு திரும்புகிற தலைவன், அவன் வரும் வழியைப் பார்த்து ஆற்றியிருக்கிற தலைவி, விரைந்து செலுத்தச் சொன்ன தேர்ப்பாகன் என்று வகுப்பில் மனம் நெகிழ நடத்திவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, பாசறை ஏன் கலைந்தது, படைவீரர்கள் ஏன் அவரவர் ஊருக்குப் போனார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். கூதிர் வந்தும் வீடு திரும்பாமல் பாசறையிலேயே இருக்கும் நெடுநல்வாடை அரசன்தான் கிளப் ரசிகர்களுக்கு உகந்த தலைவன். வீரன் வீட்டுக்குப் போவதை வெறுப்பவனுக்குத் தமிழில் திணை வகுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கால்பந்தே இல்லை என்று நாங்கள் புலம்பும் அதே நாட்களில்தான் இந்திய அணியும் ஆடும். 2023 நவம்பர் 16 அன்று குவைத்துக்கே சென்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 1-0 என்று இந்தியா வென்றது. மன்வீர் சிங் அடித்த கோல். அந்த ஆட்டத்தை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நாங்கள் கண்ணால் கண்டிராத ஒரு துறைமுக நகரத்தின் அணிக்காக உறங்காமல் கிடந்தவர்கள் அன்று நன்றாக உறங்கினோம்.

அந்த நவம்பரைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

அதற்கு முன்னால் அக்டோபர் 28 அன்று, லிவர்பூலின் முன்கள வீரர் லூயிஸ் டியாஸின் பெற்றோரைக் கொலம்பியாவில் அவர்களுடைய சொந்த ஊரான பாரங்காஸில் ஆயுதம் தாங்கியவர்கள் கடத்திவிட்டார்கள். தாய் சில மணி நேரத்தில் மீட்கப்பட்டார். தந்தை கிடைக்கவில்லை. தேசிய விடுதலைப் படை என்ற கெரில்லா இயக்கத்தின் பிடியில் அவர் இருப்பது பின்னர் தெரிந்தது. உள்ளூரில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். மகனுக்கும் அவர்தான் முதல் ஆசான். மறுநாள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் நடந்த ஆட்டத்தில் டியாஸ் ஆடவில்லை. முதல் கோலை அடித்த டியோகோ ஜோட்டா, டியாஸின் ஏழாம் எண் சட்டையை வாங்கி அரங்கத்துக்கு உயர்த்திக் காட்டினார். லிவர்பூல் 3-0 என்று வென்றது. நவம்பர் 5 இரவு லூட்டனுடன் ஆடும்போது, தோற்றுவிடும் கட்டத்தில் மாற்று வீரராக இறங்கிய டியாஸ், தொண்ணூற்றைந்தாவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தார். மேல்சட்டையை உயர்த்தினார். உள்சட்டையில் 'அப்பாவுக்கு விடுதலை' என்று ஸ்பானிய மொழியில் எழுதியிருந்தது.

அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, கணக்கு சார் பாயிலிருந்து எழுந்து உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. தண்ணீர் குடிக்கப் போனார் என்று நினைத்துக்கொண்டோம். நவம்பர் 9 அன்று தந்தை விடுவிக்கப்பட்டார்.

12ஆம் தேதி தீபாவளி. பிரென்ட்ஃபோர்டுடன் மாலை ஏழரைக்கு ஆட்டம். எங்கள் இருவர் வீட்டிலிருந்தும் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு போனோம். சாலா இரண்டு, ஜோட்டா ஒன்று, 3-0. வெளியே வெடிச்சத்தம், உள்ளே எங்கள் சத்தம். புறப்படும்போது இயற்பியல், "இனி ரெண்டு வாரம் விரதந்தான். இருபத்தஞ்சாம் தேதி பாப்போம்" என்றார். "சரி சார்" என்றார் கணக்கு சார். எங்களை வழியனுப்ப வாசல் விளக்கைப் போட்டார்.

14ஆம் தேதி இரவு அவருடைய தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. ஊரிலிருந்து தங்கை தகவல் சொல்ல, இவர் போய்ச் சேர்ந்து, வண்டி பிடித்துத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. முதல் ஐந்து நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருக்கிறார். மகன் இரவெல்லாம் வெளியே, தாழ்வாரத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. 'நாங்கள்' இரண்டு பேரான இடம் இது.

17ஆம் தேதி காலையில் இயற்பியல் குழுவில் ஒரு காணொளித் துணுக்கை அனுப்பினார். இந்திய நேரத்துக்கு அதிகாலை ஐந்தரைக்குத் தொடங்கிய ஆட்டம். பாரங்கியாவில் கொலம்பியாவும் பிரேசிலும். நான்காவது நிமிடத்திலேயே மார்ட்டினெல்லி கோலடித்து பிரேசிலை முன்னால் கொண்டுபோய்விட்டார். எழுபத்தைந்தாவது நிமிடத்தில் டியாஸ் தலையால் முட்டி ஒன்று. நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் தலையால் ஒன்று. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசிலைக் கொலம்பியா வென்றது அதுவே முதல் முறை. ஆனால் உலகம் முழுதும் சுற்றிய காட்சி கோல் அல்ல. அரங்கில் அமர்ந்திருந்த தந்தை, எட்டு நாட்களுக்கு முன் விடுதலையானவர், எழுந்து நிற்க முடியாமல் பின்னால் சாய்கிறார். சுற்றியிருப்பவர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத முகம்.

ஆட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை. இடைவேளை ஆட்டம்தானே என்று தூங்கிக்கொண்டிருந்தோம். துணுக்குக்குக் கீழே 'நம்ம பையன்' என்று இயற்பியல் எழுதியிருந்தார். தமிழ் ஒரு கட்டைவிரல் போட்டது. சிறிது நேரத்தில் கணக்கும் ஒரு கட்டைவிரல் போட்டார். பதினோரு நாட்களில் எங்களுக்குள் நடந்த மொத்தப் போக்குவரத்து அதுதான்.

25ஆம் தேதி, மான்செஸ்டர் சிட்டியுடன் மாலை ஆறு மணிக்கு ஆட்டம். நல்ல மழை. ஐந்தரைக்கே போய்விட்டோம். வீடு பூட்டியிருந்தது. செய்தித்தாள் கட்டுக்கட்டாக நனைந்து வாசலில் கிடந்தது. எத்தனை நாள் தாள் என்று எண்ணுவதற்கு இயற்பியல் குனிந்தார், எண்ணாமலே நிமிர்ந்துவிட்டார். தொலைபேசியில் அழைத்தோம். மறுமுனையில் மருத்துவமனையின் சத்தம் கேட்டது. விவரத்தை வரிசையாக, ஒரு தேற்றத்தை நிறுவுவதைப் போல, அமைதியாகச் சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா சார்?"

"ஆட்டம் இல்லாத நாள்ல உங்கள எதுக்குக் கூப்பிடன்னு இருந்துட்டேன் சார்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேச வராது. உள்ளதைச் சொன்னார். ஒன்பது வருட நட்பின் வடிவத்தை அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. பூட்டிய வீட்டின் திண்ணையில் மழை தூறிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். சிட்டிக்கு ஹாலண்டு ஒரு கோல், எங்களுக்கு அலெக்சாண்டர்-ஆர்னால்டு ஒரு கோல், 1-1 என்று மறுநாள் செய்தித்தாளில் படித்தோம்.

அன்றிரவே பேருந்து ஏறினோம். தாழ்வாரத்து நாற்காலியில் அவரைப் பார்த்தோம். தாடி வளர்ந்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் இயற்பியல், "டியாஸ் ஆட்டம் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கணக்கு சாரின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. பார்த்தேன் என்றார். அன்று அதிகாலை தூக்கம் வராமல், கைபேசியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, எங்கிருந்தோ ஓர் இணைப்பைப் பிடித்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தே முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். இரண்டாவது கோலுக்குப் பிறகு அந்த மனிதரைக் காட்டியபோது, தாங்கமாட்டாமல், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றாராம். காவலாளி, இன்னும் நேரமாகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் எங்கள் குழுவில் அதே காட்சி வந்து விழுந்திருக்கிறது. அதற்குத்தான் அந்தக் கட்டைவிரல்.

எவரும் மதிக்காத ஆட்டங்கள் என்று நாங்கள் ஒதுக்கிய வாரத்தில் நடந்தது அந்த ஆட்டம். அந்த வாரம் இல்லாதிருந்தால் டியாஸ் நவம்பர் நடுவில் ஊருக்குப் போயிருக்கவும் முடியாது. கிளப்பின் நாட்காட்டியில் வீட்டுக்குப் போகும் நாள் என்று எதுவும் குறிக்கப்படுவதில்லை. பயண அலுப்பு, தசைப்பிடிப்பு, முழங்கால் காயம் என்று இடைவேளையின் மீது நாங்கள் வைத்திருந்த குற்றச்சாட்டுகள் ஒன்றும் பொய்யல்ல. பார்சிலோனாவின் காவி அதே இடைவேளையில்தான், 19ஆம் தேதி ஸ்பெயினுக்காக ஜார்ஜியாவுடன் ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து, அந்தப் பருவம் முழுதையும் இழந்தார். கிளப்காரர்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பிவரும் பேருந்தில், வழக்கமான அந்தக் குற்றப்பத்திரிகையை வாசிக்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார், பேச்சு மட்டும் வரவில்லை. 2024 பிப்ரவரி 10, பர்ன்லியுடன் ஆட்டம். அன்று முதன்முறையாகக் கணக்கு சாரின் ஊருக்குப் போனோம். வீட்டின் பின்வாசலிலிருந்து கடல் தெரிந்தது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாப் பிடித்தவர், முன்கட்டில் ஒரு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவரோடு சேர்ந்து பார்த்தோம். ஜோட்டா, டியாஸ், நூன்யெஸ் மூவரும் கோலடித்த ஆட்டம். டியாஸ் அடித்ததும் மகன் குனிந்து, "இவனுக்க அப்பாவத்தான்பா பிடிச்சிட்டுப் போனது" என்றார். பெரியவர் இடக்கையைத் தூக்கித் திரையைக் காட்டினார். பிறகு எங்களைக் காட்டினார். பிறகு விரல்களைக் குவித்து ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று நாங்கள் உருக்கத்தோடு காத்திருந்தோம். தங்கைதான் மொழிபெயர்த்தார்: வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்கிறாராம்.

அந்த ஆகஸ்டில் இறந்துபோனார். அடக்கம் 17ஆம் தேதி சனிக்கிழமை மாலை. கிளாப் விடைபெற்றுப் போனபின், புதிய பயிற்சியாளர் ஸ்லாட்டின் கீழ் லிவர்பூல் ஆடிய முதல் லீக் ஆட்டம், எங்கள் கடிகாரத்தில் மாலை ஐந்து மணிக்கு, இப்ஸ்விச்சில். அந்நேரம் நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் மண் போடும் வரிசையில் நின்றிருந்தோம். யாரும் கைபேசியை எடுக்கவில்லை. 2-0, முதல் கோல் ஜோட்டா என்று இரவு ஊர் திரும்பும் வழியில்தான் தெரிந்தது.

செப்டம்பர் இடைவேளை வந்தபோது இயற்பியல் குழுவில் வழக்கம்போல அடுத்த ஆட்டத்தின் தேதியைப் போடவில்லை. '7ஆம் தேதி ஆறு மணி' என்று மட்டும் போட்டார். போனோம். அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தோம். தொலைக்காட்சி அணைந்திருந்தது. அதற்கு எதிரே மூன்று ஆண்கள் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடமானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். மின்வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம். பிறகு கணக்கு சார் உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். அப்பாவின் பெட்டி. சுறாத் தூண்டில்கள், வலை பின்னும் ஊசி, மீன் விற்ற கணக்கு நோட்டுகள், அடியில் ஒரு புகைப்படம். கடற்கரை மணலில் பதினொரு பேர், ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. ஓரத்தில் நிற்கும் நெட்டையான இளைஞன்தான் அப்பா. கோல்கீப்பராம். அலிசன் கோல்கம்பத்திலிருந்து அரையடி அதிகம் விலகி நின்றுவிட்டார், கோணம் திறந்துவிட்டது என்றெல்லாம் கணக்கு சார் பாயில் சாய்ந்தபடி நுணுக்கம் சொல்லும்போது, கணிதம் படித்ததன் விளைவு என்று நாங்கள் பத்தாண்டுகளாக நம்பியிருந்தோம். அது வடிவியல் அல்ல, பரம்பரை. அன்று எழுந்து புறப்படும்போது மணி பத்தரை.

அதிலிருந்து இடைவேளைச் சனிக்கிழமைகள் எங்களுக்கு உறுதியாகிவிட்டன. எல்லாக் கூட்டங்களும் நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டோம். ஊதியக்குழுவைப் பற்றிப் பேசிச் சண்டையில் முடிந்தவையும் உண்டு. இந்திய ஆட்டங்களையும் பார்க்கத் தொடங்கினோம், தண்டனையை ஏற்பவர்களைப் போல. 2025 அக்டோபர் 14 அன்று மட்கானில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்ததை மூவரும் சேர்ந்தே பார்த்தோம். துன்பத்தில் பங்குபெற்றால்தான் குறை சொல்லும் உரிமை என்றார் இயற்பியல்.

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினின் சமோரா மாகாணத்தில் நடந்த கார் விபத்தில் டியோகோ ஜோட்டாவும் அவருடைய தம்பி ஆந்த்ரே சில்வாவும் இறந்துபோனார்கள். ஜோட்டாவுக்குத் திருமணமாகி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. செய்தி வந்த அன்று நாங்கள் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டோம். ஆட்டம் இல்லாத மாதம் அது, ஆனாலும் அழைத்தோம். போர்ச்சுகலில் நடந்த அடக்கத்துக்கு வான் டைக்கும் ராபர்ட்சனும் சட்டை வடிவில் கட்டிய மலர்களை ஏந்திக்கொண்டு நடந்தார்கள். வான் டைக்கின் கையில் ஜோட்டாவின் இருபதாம் எண், ராபர்ட்சனின் கையில் தம்பியின் முப்பதாம் எண். லிவர்பூல் அந்த இருபதாம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது. டியாஸ் அதே மாதக் கடைசியில் பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார்.

2025 நவம்பர் இடைவேளை, ரசிகர்களின் மொழியில், அருமருந்தாக வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறன்று சிட்டியிடம் 0-3 என்று உதை வாங்கியிருந்தோம். இடைவேளையின் கடைசி நாள் 18ஆம் தேதி, செவ்வாய். மறுநாள் வகுப்பு இருந்தும் மூவரும் இரவு கணக்கு சாரின் வீட்டில் தங்கினோம். மாலையில் டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 0-1 என்று தோற்றதைப் பார்த்து முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, ஒன்றேகாலுக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டோம். கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்தும் டென்மார்க்கும். 1998க்குப் பிறகு ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குப் போனதில்லை. நேரடியாகத் தகுதி பெற அன்று வென்றே ஆகவேண்டும். தலைவர் ராபர்ட்சன். பதினெட்டு வயதில் அதே மைதானத்தின் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தவர்.

அந்த ஆட்டத்தை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். மூன்றாவது நிமிடத்திலேயே மெக்டோமினே அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த கோல். டென்மார்க் சமன் செய்தது. அவர்களில் ஒருவர் வெளியேற்றப்பட்டார். 2-1. மறுபடியும் சமன். கூடுதல் நேரத்தில் டியர்னி தொலைவிலிருந்து வளைத்து ஒன்று. கடைசி உதையாக மெக்லீன் நடுக்கோட்டருகிலிருந்தே கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு ஒன்று. 4-2. அந்தக் கோலுக்குக் கணக்கு சார் பாயிலிருந்து துள்ளி எழுந்த வேகத்தில் தேநீர்க் குவளை உருண்டது. ஸ்காட்லாந்து எங்களுக்கு என்ன உறவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பிறகு ராபர்ட்சனிடம் ஒலிவாங்கியை நீட்டினார்கள். பேச முடியாமல் பேசினார். நாள் முழுதும் ஜோட்டாவின் நினைவாகவே இருந்தது, அறையில் இருக்கும்போது உடைந்துபோயிருந்தேன் என்றார். உலகக் கோப்பைக்குப் போவதைப் பற்றி இருவரும் எத்தனையோ முறை பேசிக்கொண்டிருக்கிறார்களாம். 2022இல் காயத்தால் ஜோட்டாவால் போக முடியவில்லை. நாடு தகுதி பெறாததால் இவராலும் முடியவில்லை.

அதிகாலை மூன்றரை மணி. வெளியே ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்திருந்தது, மழை விட்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. உருண்ட குவளையை எடுத்து வைத்துவிட்டு, கணக்கு சார் பாயின் ஈரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே, "அண்ணைக்கு அந்தச் சட்டையத் தூக்கிக் காட்டுனான்லா" என்றார். எந்தச் சட்டை என்று நாங்கள் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து லீக் திறந்தது. 22ஆம் தேதி சனிக்கிழமை, ஆன்ஃபீல்டில், அதே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 0-3. மூன்றாவது கோல் விழுந்ததும் இயற்பியல், இந்தச் சனியனுக்கு இடைவேளையே இன்னும் நீண்டிருக்கலாம் என்றார். 2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவேளைகள் இரண்டையும் ஒன்றாக இணைத்து நீளமாக்க பிஃபா முடிவு செய்திருக்கிறது என்று தமிழ் நினைவூட்டியது. கணக்கு சார் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். தங்கை ஊரிலிருந்து மீன்குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தட்டு எடுத்து வர மூவரும் அடுக்களைக்குள் போனோம்.